ஐந்தாவது சுருள்

அம்ப்ரோஸ் கில்லியம் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் மனைவி லியோட்டாவுக்கு நகர மண்டபத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வியாழன் காலை பத்து மணிக்குத் தணிக்கைக் குழுவின் அறையில் ஒரு திரைப்படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வர வேண்டும் என்று இரண்டே வரி. கீழே படத்தை எடுத்தவர் பெயர்: லூத்தர் ஈசம்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் லியோட்டா தைத்துக்கொண்டிருந்த தொப்பியை மேசையில் வைத்துவிட்டாள். பிற்பகல் முழுக்க அது அப்படியே கிடந்தது. ஞாயிறு வழிபாட்டுக்கு அந்தத் தொப்பி வேண்டும் என்று சொன்னவள் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஈசம் முந்தைய செப்டம்பரில் ஒரு காமிராவும் நாலு நடிகர்களும் சில ஓலைப் பெட்டிகளுமாக ஊருக்கு வந்தவர். கறுப்பர்களைப் பற்றிக் கறுப்பர் எடுக்கும் படம் என்றதும் ஆற்றங்கரைத் தெருக்களில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். கறுப்பர் உரிமைச் சங்கக் கட்டடத்தின் பின்முற்றத்தில், கூரையில்லாமல், மூன்று சுவர் மட்டும் நிறுத்தி வீட்டின் உள்ளறை போல அமைத்திருந்தார். விளக்குக்கு வசதி இல்லை, சூரியன்தான் விளக்கு. அந்தச் சுவர்களைப் பூசத்தான் அம்ப்ரோஸைக் கூப்பிட்டார்கள். பூச்சு வேலையில் அந்த ஊரில் அவனுக்கு மேல் ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து, அப்பன் வேஷம் போட வேண்டிய நடிகர் ரயிலிலிருந்து இறங்கவே இல்லை. ஈசம் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இந்தச் சுவரைப் பூசினவர் எங்கே?" என்றாராம்.

அன்று மாலை அம்ப்ரோஸ் முகமெல்லாம் மாவாக வீட்டுக்கு வந்தான்.

"எனக்குப் பவுடர் போட்டாங்க லியோட்டா. பத்து வருஷமாப் பூசிக்கிட்ட சுண்ணாம்பு பத்தாதாம்."

"நீங்க என்ன பண்ணினீங்க படத்துல?"

"சாப்பிட்டேன். அப்புறம் எழுந்து போனேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா படம் வந்தா முதல் வரிசையில உக்காரணும். பின்னாடி உக்காந்தா என் மூக்கு மட்டுந்தான் தெரியும்."

பிப்ரவரியில் விஷக்காய்ச்சல் மறுபடி ஊருக்குள் வந்தது. ஆறே நாளில் அம்ப்ரோஸ் போய்விட்டான். அவனைக் காட்டுகிற படம் என்று லியோட்டாவிடம் இருந்தது ஒன்றுதான், கல்யாணத்தன்று எடுத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கச் சொன்னதால் விறைத்துப்போய், யாரோ ஒரு காவல்காரனைப்போல நிற்பான். சிரிக்கத் தெரியாத ஆள் என்று அதைப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஐந்து மாதத்தில் அவளுக்கே அந்தப் பயம் வந்துவிட்டது. அவன் நடை மறந்துகொண்டு வந்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போது எந்தத் தோள் முன்னால் வரும் என்று ஒரு நாள் யோசித்தாள், தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் தைக்கவில்லை.

ஆகவே அந்தக் கடிதம் அவளுக்குத் தணிக்கைக் குழுவின் கடிதமாகவே படவில்லை. எங்கிருந்தோ அவனே எழுதியதுபோல் இருந்தது.

லியோட்டாவை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், அதற்கு ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும். முகத்தை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு கறுப்பர்களைக் கொன்ற குதிரைக்காரர்களை வீரர்களாகவும் கறுப்பர்களை மிருகங்களாகவும் காட்டிய ஒரு படம் அப்போது நாடெங்கும் ஓடியது. அதைத் தங்கள் ஊரில் காட்டக் கூடாது என்று உரிமைச் சங்கத்தின் கிளை போராடியது. கிளையின் செயலாளர் லியோட்டா. நகரசபை முன்வைத்த தணிக்கைச் சட்டத்தில் நாலாவது பிரிவு அவள் கையெழுத்தில் போனதுதான்: கும்பல் சேர்ந்து மனிதனை வதைப்பதையோ கொல்வதையோ காட்டும் எந்தப் படமும் இந்நகரில் திரையிடப்படலாகாது. ஒரு படத்தின் பெயரைச் சொன்னால் நீதிமன்றத்தில் நிற்காது என்று வக்கீல் சொன்னதால், 'எந்தப் படமும்' என்று எழுதினாள். அதற்காக வீடு வீடாக ஏறி எண்ணூற்றுச் சொச்சம் கையெழுத்து வாங்கினாள். கறுப்பர்களைப் பற்றிய படமானால் கறுப்பர் இருவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டு வாங்கியதே.

சட்டம் வந்தது. அந்தப் படம் ஒன்பது நாள் நின்றது. பிறகு கொட்டகைக்காரர் நீதிபதியிடம் போய் உத்தரவு வாங்கி, இரண்டு இடத்தில் கத்தரித்துவிட்டு, மூன்று வாரம் ஓட்டினார். நாலாவது பிரிவு அதோடு மேசை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை லியோட்டா தான் தைத்த கறுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாள். தணிக்கை அறை என்பது மாடியில் ஒரு சின்ன அறை. சன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்ததால் அடுப்படிபோல வெந்தது. இன்னொரு அழைப்பு சபைப் போதகர் பாஸ்கமுக்குப் போயிருந்தது, அவர் முன்பே வந்து விசிறிக்கொண்டிருந்தார். ஈசம் சுவரோரம் நின்றார். பத்து மாதத்தில் ஆள் இளைத்திருந்தார். லியோட்டாவைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தார்.

"மிஸஸ் கில்லியம். ஊருக்கு வந்த அப்புறந்தான் கேள்விப்பட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியல."

"அவர் படத்துல இருக்காரா?"

"இருக்காரும்மா. அஞ்சாவது சுருள்ல."

குழுவின் தலைவர் ஹார்ட்விக் உள்ளே வந்தார். போதகரை "ரெவரெண்ட்" என்றார். "உட்காரு லியோட்டா" என்றார். வெள்ளைக்காரப் பெண்ணாயிருந்தால் மிஸஸ் கில்லியம் ஆகியிருப்பாள். அவள் உட்கார்ந்தாள். படம் ஓட்டும் இயந்திரத்தின் பின்னால் கோனி என்ற வயதான ஆபரேட்டர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாலு சுருளும் ஓடின. தெற்கிலிருந்து வந்து வடக்கே பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு பெண்ணின் கதை அது. நல்ல கதைதான் என்று போதகர் பின்னால் சொன்னார். லியோட்டாவுக்கு ஒன்றும் மனதில் தங்கவில்லை. ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

ஐந்தாவது சுருளில் அந்தப் பெண் தன் சிறு வயதை நினைக்கிறாள். ஒரு அறை. மேசை. மேசை விரிப்பின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அறைக்குள்ளே காற்று. அந்தப் பின்முற்றத்துக் காற்று. லியோட்டா சிரித்துவிட்டாள். அப்போதே அம்ப்ரோஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

இடது தோள்.

வந்தவன் உட்கார்ந்தான். நடிகை ஒருத்தி தட்டு வைத்தாள். அவன் தன் தட்டைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த குழந்தைகளின் தட்டுகளைத்தான் முதலில் பார்த்தான். சோள ரொட்டியைப் பிட்டுச் சின்னவள் பக்கம் தள்ளினான். ஏதோ சொன்னான். பேசாப் படம், என்ன சொன்னான் என்று திரையில் எழுத்தும் வரவில்லை, ஆனால் அந்தக் குழந்தை நடிப்பை மறந்து உண்மையிலேயே சிரித்தது. இவனும் சிரித்தான், தலையை ஒரு பக்கம் சாய்த்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. கல்யாணப் படத்தில் இல்லாத சிரிப்பு.

பிறகு கதவு இடிபட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். பந்தங்களோடு ஒரு கும்பல் சன்னலுக்கு வெளியே. அம்ப்ரோஸ் எழுந்தான். அவசரப்படவில்லை. ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டான். கீழிருந்து மேலாக ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டான். சின்னவள் தலையில் கை வைத்தான். கதவைத் திறந்து, தானே வெளியே போனான். அதற்குப் பிறகு வந்தவற்றில் அவன் முகம் இல்லை. மரத்தடி, கும்பலின் முதுகுகள், ஒரு கயிறு, தரையில் கிடந்த கோட்டு.

விளக்குப் போட்டார்கள். போதகர் கண்ணை மூடியிருந்தார்.

ஹார்ட்விக் ஒரு தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலாவது பிரிவை உரக்கப் படித்தார்.

"இது நீ எழுதின வரின்னு பதிவுல இருக்கு லியோட்டா. சரிதானே?"

"சரிதான்."

"நான் அநியாயம் பண்ற ஆள் இல்ல. மொத்தப் படத்தையும் நிறுத்த எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா ஈசம் தூரத்துலேர்ந்து வந்திருக்கார். கதவு இடிக்கறதுலேர்ந்து அந்தச் சுருள் முடியற வரைக்கும் எடுத்துட்டா, மிச்சம் ஓடட்டும். சாப்பாட்டுக் காட்சி அழகா இருக்கு. அது இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாப் போதும்."

போதகர் மெதுவாகச் சொன்னார். "போன கோடையில இனக் கலவரத்துல எத்தனை ஊர் எரிஞ்சுது சிஸ்டர். இதை நம்ம பசங்க பாத்துட்டு வெளிய வரும்போது வெள்ளைக்காரன் எவனாவது ஒருத்தன் சிரிச்சா என்ன ஆகும்? எனக்குத் தூக்கம் வராது. நான் போட்டுடறேன்." போட்டார்.

ஈசமும் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "போட்டுடுங்கம்மா. எல்லா ஊர்லயும் எதையாவது வெட்டறாங்க, எனக்குப் பழகிப்போச்சு. நாலு நாள் ஓடட்டும். நீங்களும் நாலு நாளும் வந்து பாக்கலாம். அவர் சாப்பிடறதை யாரும் தொடமாட்டாங்க."

அதுதான் அவள் நெஞ்சில் தைத்தது. நாலு நாள். மூன்று காட்சி வீதம். முதல் வரிசை. அவன் பன்னிரண்டு தடவை கதவைத் திறந்துகொண்டு வருவான்.

"இன்னொரு தடவை பாக்கணும்," என்றாள். "அஞ்சாவது சுருள் மட்டும். எதுக்குக் கையெழுத்துப் போடறேன்னு தெரியணும் இல்லையா."

ஹார்ட்விக் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் சாப்பிடப் போறேன். வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க." போதகரும் நெஞ்சு அடைக்கிறது என்று வெளித் தாழ்வாரத்துக்குப் போனார்.

கோனி சுருளைத் திரும்பச் சுற்றினார். மறுபடி காற்று, மறுபடி கதவு, இடது தோள். ஈசம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கும்பல் வந்து அம்ப்ரோஸ் கோட்டை எடுக்கும்போது, இருட்டில் சொன்னார்:

"நான் இப்படி எடுக்கச் சொல்லலம்மா. முழங்கால் போட்டு அழணும்னு சொல்லியிருந்தேன். பாக்கறவங்க மனசு இளகும்னு. முடியாதுன்னுட்டார்."

"ஏனாம்?"

"அன்னிக்கு மேகம் மூடிடுச்சு. வெயில் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருந்தோம். அப்பத்தான் சொன்னார். மிசிசிப்பியில அவங்க அண்ணனை இப்படித்தான் கூப்பிட்டாங்களாம். அவர் அழலையாம். கோட்டைப் போட்டுக்கிட்டாராம். உள்ள வந்து பசங்களை இழுத்துடப் போறாங்கன்னு தானே கதவைத் திறந்துட்டுப் போனாராம். இவருக்கு அப்ப பதினோரு வயசு, மேசைக்கு அடியில இருந்தாராம். 'எங்க வீட்ல யாரும் முழங்கால் போடல மிஸ்டர் ஈசம்'னார்." ஈசம் அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

லியோட்டாவுக்குத் தெரியாது. பதினோரு வருடம் கூட வாழ்ந்தவள். அண்ணன் ஒருவன் இருந்தான், இளம் வயதில் செத்துப் போனான் என்பதற்கு மேல் அம்ப்ரோஸ் வாய் திறந்ததில்லை. கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு, "விடு, அது பெரிய கதை" என்பான். அந்தப் பெரிய கதையை மேகம் மூடிய நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறான். பிறகு வெயில் வந்ததும் எழுந்து போய், ஊரே பார்க்கும்படி செய்து காட்டியிருக்கிறான். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனால் முடிந்த வகையில் சொல்லிவிட்டான், முதல் வரிசையில் வந்து உட்காரவும் சொன்னான்.

சுருள் முடிந்தது. கோனி விளக்குப் போடாமல் கேட்டார், "இன்னொரு தடவை ஓட்டட்டுமா?"

"இயந்திரம் சூடாயிருக்குமே."

"சூடாகட்டும். எனக்கும் வீட்டுக்காரி போயாச்சு."

மூன்றாவது தடவை அவள் மட்டும் பார்த்தாள். ஈசம் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஹார்ட்விக் வரும்போது தட்டச்சு செய்த தாளோடு வந்தார். வெட்ட வேண்டிய இடம் தொடக்கம், முடிவு என்று அளவு போட்டிருந்தது. அதன் கீழே, வெட்டின இடத்தில் கதை புரிவதற்காகச் சேர்க்க வேண்டிய எழுத்து அட்டையின் வாசகம். லியோட்டா அதைப் படித்தாள். 'தகப்பன் பிழைப்புத் தேடி வடக்கே போனான். திரும்பவே இல்லை.'

"இது என்ன?"

"ஏதாவது போடணும் இல்ல? ஆள் திடீர்னு காணாமப் போனா பாக்கறவனுக்குப் புரியாது."

"இவர் யாரையும் விட்டுட்டுப் போகல."

போதகர் அவள் கையைத் தொட்டார். "சிஸ்டர், அது அம்ப்ரோஸ் இல்ல. கதையில வர்ற ஒரு அப்பன்."

"அந்த அப்பனைத்தான் நானும் சொல்றேன் பாஸ்டர். பிள்ளைங்களுக்கு ரொட்டி பிட்டுப் போட்டவன், அவங்களுக்காகக் கதவைத் திறந்துக்கிட்டுப் போனவன். அவனை ஓடிப்போனவனாக்கி நாலு நாள் பாக்கச் சொல்றீங்க. நம்ம ஆம்பளைங்களைப் பத்தி இவங்க சொல்றது அதுதானே? அதை நானே கையெழுத்துப் போட்டுச் சொல்லணுமா?"

"நீ போடலைன்னா படமே ஓடாது," என்றார் ஹார்ட்விக். "முழுசாவும் கிடையாது, பாதியும் கிடையாது. உன் சட்டம்."

"என் சட்டந்தான். அதுதான் வலிக்குது."

அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்து போடும் இடத்தில் போடாமல், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். நிதானமாக, கிளைக் கூட்டக் குறிப்பு எழுதுகிற கையெழுத்தில். நாலாவது பிரிவை எழுதியவள் நான். கும்பலைப் புகழ்ந்த ஒரு பொய்யை நிறுத்த அதை எழுதினேன். அது பொய்யை நிறுத்தவில்லை. கும்பல் செய்ததைச் சொல்லும் உண்மையை நிறுத்த இன்று எடுக்கப்படுகிறது. எழுதியது என் தவறு. வெட்டுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. பெயரை 'மிஸஸ் அம்ப்ரோஸ் கில்லியம்' என்று முழுதாகப் போட்டாள்.

ஹார்ட்விக் படித்துவிட்டுத் தாளைக் கோப்பில் வைத்தார். படம் அந்த ஊரில் திரையிடத் தகாதது என்று முத்திரை விழுந்தது.

மறுநாள் பிற்பகல் ரயில் நிலையத்தில் ஈசம் தன் தகரப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து செயிண்ட் லூயிஸ், பிறகு தெற்கே டெக்சாஸ் வரைக்கும். லியோட்டா காகிதத்தில் சுற்றிய வறுத்த கோழியும் நாலு பிஸ்கட்டும் கொண்டு வந்திருந்தாள்.

"என் மேல கோபம் இருக்கும்," என்றாள். "உங்க நாலு நாள் போச்சு."

"கோபம் நேத்து ராத்திரி இருந்துச்சு. வெட்டிவெட்டி, எது என் படம்னு எனக்கே மறந்துபோச்சும்மா. நேத்து ஒருத்தர் வெட்டக்கூடாதுன்னு சொன்னப்பத்தான் ஞாபகம் வந்துது." கோழித்துண்டைக் கடித்தார். "இது உங்க கையா?"

"இல்ல. நேத்து என்னால ஒண்ணும் சமைக்க முடியல. பக்கத்துத் தெரு மோசெல் செஞ்சா."

அவர் சிரித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டி ஒன்றைத் திறந்தார். ஐந்தாவது சுருளிலிருந்து கொஞ்சம் பிரித்து, சட்டைப் பையிலிருந்து சிறு கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஒரு விரல் நீளம். சிரிக்கற இடத்துல. யாருக்கும் தெரியாது, ஓடும்போது கண் இமைக்கிற நேரங்கூட ஆகாது. வச்சுக்குங்க."

லியோட்டா சுருளின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். நகத்தளவு அம்ப்ரோஸ்கள், ஒருவனுக்குக் கீழே ஒருவன். எல்லோரும் அவளைப் பார்க்காமல் ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தாள். ரயிலின் ஊதல் ஆற்றுப் பாலத்தில் கேட்டது.

"வேண்டாம்," என்றாள். "வெட்டாதீங்க."

"ஒரு விரல்தாம்மா."

"அவர் இந்த ஊரைத் தாண்டி வேலைக்குப் போனதே இல்ல. டெக்சாஸ் எல்லாம் போகட்டும். முழுசாப் போகட்டும்." சுருளை அவரிடம் கொடுத்தாள். "அடுத்த வருஷம் இங்க கொண்டு வாங்க. அதுக்குள்ள அந்த நாலாவது பிரிவை எடுக்க வச்சுடறேன்."

"எடுப்பாங்களா?"

"எழுத வச்சதே நாங்கதானே."

ஈசம் பெட்டியை மூடி, பூட்டி, வண்டியில் ஏற்றும்போது சுமைக்காரரிடம், "மெதுவா, மெதுவா" என்று இரண்டு தடவை சொன்னார். ரயில் போனது. புகை கலையும்வரை நின்றுவிட்டு அவள் நடந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் கையெழுத்து வாங்கக் கிளம்பிய அதே தெருவுக்கு, அதே முதல் வீட்டுக்குப் போனாள்.

மோசெல் டாண்டி வாசல் படியில் உட்கார்ந்து பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்தாள். லியோட்டா நீட்டிய தாளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள்.

"மறுபடியும் கையெழுத்தா? அன்னிக்குச் சட்டம் வேணும்னு வந்தே. என் மாமியார் கையைப் பிடிச்சுப் பெருக்கல் குறி போட வச்சே."

"ஆமா. இப்ப அதுல ஒரு வரியை எடுக்கணும்னு வந்திருக்கேன்."

"நல்லாயிருக்கு. கதவை வச்சதும் இவதான், கழட்டறதும் இவதான். மாமியார் கல்லறையிலேர்ந்து எழுந்து வரணுமா இப்ப?"

"நீ போட்டாப் போதும் மோசெல். தப்பு என்னோடது. வீடு வீடா நானே போய்ச் சொல்லிக்கறேன்."

மோசெல் தாளை வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள். ஊருக்குள் எல்லா விஷயமும் நேற்றே வந்திருந்தது. பிறகு பீன்ஸ் கூடையைத் தள்ளி வைத்துப் படியில் இடம் விட்டாள்.

"கையெழுத்து எங்க ஓடிப்போகுது. உக்காரு முதல்ல. எங்க யாருக்கும் பாக்கக் கொடுத்து வைக்கல. நீ பாத்தே இல்ல, எப்படி இருந்தாருன்னு சொல்லு."

லியோட்டா உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒரு பீன்ஸை ஒடித்தாள், இன்னொன்றை ஒடித்தாள். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"கிட்ட வாங்க," என்றாள் லியோட்டா. "எனக்குச் சத்தமாச் சொல்ல வராது."